கம்ப்யூட்டர் லைட்டைப் பார்த்து ரூம் கேட்டவர்கள்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எங்கள் வீட்டில் அந்த ஆண்டி நான்தானாம். ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மேஜையில் இருக்கிற என் கம்ப்யூட்டரில் நான் ஒரு லைட் மாட்டினேன். அதற்காக வீடு போகும் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது?

செண்பகனூரில் பதினோரு வருடம் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். ரோட்டைப் பார்த்த இரண்டு அறை. மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவாள். கணவர் டாக்ஸியை வாசலிலேயே நிறுத்துவார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பேன். நாள் முழுக்க யாரோ ஒரு மாப்பிள்ளையின் வியர்வையைத் துடைப்பதும், யாரோ ஒரு அத்தையை வெளுப்பாக்குவதும்தான் வேலை. எனக்கென்று கண்ணுக்கு அழகாக ஒன்று வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றக் கூடாதா?

கண்ணாடியும் கலர் விளக்குமாக வருகிற கம்ப்யூட்டர் பெட்டிகளின் விலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். என் பழைய இரும்புப் பெட்டியின் பக்கத் தகட்டை ஆக்ஸா பிளேடால் அறுத்து, போர்டு எழுதும் கடையில் கழித்துப் போட்ட அக்ரிலிக் துண்டைப் பொருத்தினேன். ஜீப்புக்கு அலங்காரம் செய்யும் கடையில், வெட்டியது போக மிஞ்சிய எல்.இ.டி. பட்டை சல்லிசாகக் கிடைத்தது. முதலில் அதை பவர் சப்ளையின் சிவப்பு வயரில் கொடுத்துவிட்டு, ஏன் இப்படி அழுது வடிகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். சிவப்பில் வருவது ஐந்து வோல்ட். பட்டைக்கு வேண்டிய பன்னிரண்டு, மஞ்சள் வயரில் இருக்கிறது. மாற்றியதும் பளிச்சென்று எரிந்தது. கூட வந்த டேப் எங்கள் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் உரிந்து விழுந்தது. அப்புறம் உருக்கி ஊற்றுகிற சூட்டுப் பசை வைத்து ஒட்டினேன்.

“என்னம்மா, கம்ப்யூட்டருக்கு மூக்குத்தி குத்தியாச்சா?” என்றார் கணவர். கேலி செய்தவர்தான் டீயைக் குடித்து முடிக்கிறவரை அங்கேயே நின்று பார்த்தார்.

டூரிஸ்ட்டுகள் மலையேறி வருகிற சீசன் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே பனி இறங்கி ரோடு மறைந்துவிடும். அந்த வெள்ளைக்குள் எங்கள் ஜன்னல் மட்டும் பச்சை, ஊதா, சிவப்பு என்று மாறிக்கொண்டிருந்தது. முதல் சனிக்கிழமையே கதவைத் தட்டினார்கள்.

“ரூம் இருக்குங்களா? ஆறு பேரு.”

“இது வீடுங்க.”

“அப்பறம் எதுக்கு லைட்டு?”

எதுக்கு லைட்டாம்! காட்டேஜ்காரன் கலர் லைட் போட்டுப் போட்டு, இந்த ஊரில் மனுஷன் குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு கலர்கூட மிச்சமில்லை. அடுத்த வாரம் மூன்று பேர் தட்டினார்கள். “ஜன்னலுக்கு ஒரு திரையப் போட்டுரு. சோலி முடிஞ்சிரும்” என்றார் கணவர். என் ஜன்னலை நான் எதற்கு மூட வேண்டும்? மாட்டேன் என்றேன். எனக்கு வீம்பு அதிகம். அது உண்மைதான்.

பிறகு ஒருநாள், நான் கதவைத் திறந்ததுமே ஒரு ஆள் ஷூவோடு உள்ளே வந்துவிட்டார். நேராகக் குளியலறையை எட்டிப் பார்த்து, “வெந்நீர் வருமா?” என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, கத்தினேன். பின்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார். எனக்காகத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அக்கா அந்த ஆளிடம் திரும்பினார். “ஒரு நாளைக்கு எவ்வளவு தருவீங்க?”

என் வாசலில் நின்று, என்னை வைத்துக்கொண்டே கேட்டார். அந்த ஆள் ஒரு தொகை சொன்னார். அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து வந்தார். “வீட்டக் கொஞ்சம் ரிப்பேர் பாக்கணும்மா. ரெண்டு மாசத்துல வேற எடம் பாத்துக்கங்க.” எங்கள் ஊரில் ரிப்பேர் என்றால் நாள் வாடகைக்கு ரூம் விடப் போகிறார்கள் என்று அர்த்தம், அது எல்லோருக்கும் தெரியும். ரூம் கேட்டு வந்தவரைத் தெருவே கேட்கக் கத்திய நான், அக்காவிடம் “சரிங்கக்கா” என்றேன்.

இரண்டு மாதம் அலைந்தோம். குடியிருக்க என்று கேட்டாலே கேட்டை மூடினார்கள். கடைசியில் பெருமாள்மலையில், ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. மகள் இனி பஸ்ஸுக்கு வெள்ளனே கிளம்ப வேண்டும்.

காலி செய்கிற அன்று கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா வாசலில் நின்றிருந்தார்.

“ஏம்மா, அந்த லைட்ட மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போயேன். ராசியான லைட்டு. அதப் பாத்துத்தான ஆளு வருது.”

போர்வையை இழுத்து இன்னும் நன்றாக மூடினேன். “இது கம்ப்யூட்டருக்குள்ள ஒட்டியிருக்குக்கா. கழட்ட வராது” என்றேன்.

“அப்ப எங்க வாங்குனன்னு சொல்லு.”

“ஜீப்பு டெக்கரேஷன் கடையிலக்கா. பன்னெண்டு வோல்ட்டுன்னு கேட்டு வாங்குங்க. டேப்பு நிக்காது, சூட்டுப் பசை வச்சு ஒட்டுங்க.”

நானேதான் சொன்னேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பதில் சொல்லாமல் வண்டியில் ஏறியிருக்கலாம். பதினோரு வருடமாக அவரிடம் சரிங்கக்கா, சரிங்கக்கா என்றே பழகிய வாய், வீட்டைப் பிடுங்கிய பிறகும் பசை வரைக்கும் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தது. அக்கா மேல் இருந்த கோபம் பெருமாள்மலை வருவதற்குள் பாதி ஆறிவிட்டது. இந்த வாய் மேல் இருக்கிற கோபம்தான் இன்னும் ஆறவில்லை.