கண்ணாடிப் படகும் கரையில் நின்ற நானும்

வெள்ளையாக ஒரு களிம்பு. தேங்காய் வாசனை அடிக்கும். வெயில் சுடாமல் இருக்கப் பிள்ளைகளுக்குத் தலையிலிருந்து கால்வரை பூசி, என் கையில் கொடுத்துவிடுவாள் மருமகள் உமா. பேரன் கவினுக்கு அப்போது மூன்று வயசு. அதைப் பூசிவிட்டால் விரால் மீன்தான். பிடித்தால் நழுவுவான், விட்டால் கடலுக்குள் ஓடுவான்...

அந்தமான் என்றதும் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான்.

நேற்று மகன் செல்வம் அந்தப் பழைய போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டான். படகில் அவன், உமா, பேத்தி தர்ஷினி. ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மூன்று பேரும் பல்லைக் காட்டுகிறார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக ஹார்ட் விடுகிறார்கள். 'மறக்க முடியாத நாட்கள்' என்று உமா எழுதியிருக்கிறாள்.

நானும் மறக்கவில்லை ஆத்தா. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இப்போது போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் செல்வம் ஊருக்கு வந்து ஒரு படத்தைக் காட்டினான். படகுக்கு அடியில் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாக மீன்.

"இந்த டூரே ஒனக்காகத்தாம்மா. குனிஞ்சு பாத்தா கடலுக்கு அடி தெரியும்."

எனக்கு ஆசை வந்துவிட்டது. இருக்காதா? பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் எங்கள் கண்மாய்த் தண்ணீர். இறங்கி நின்றால் முழங்காலுக்குக் கீழே என் காலே எனக்குத் தெரியாது. அடிவரைக்கும் தெரிகிற தண்ணீரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

ஏர்போர்ட்டிலேயே நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பெரிய பெட்டியில் போடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். செல்வம் கேட்டால்தானே...

போய் இறங்கினால், பிள்ளைகள் இரண்டும் ஹோட்டல் சாப்பாட்டை வாயில் வைக்கவில்லை. நான் கொண்டுபோன பருப்புப்பொடியில்தான் வயிறு நிறைந்தது. கடலுக்குப் போனால் கண்ணில் மணல். ரூமுக்கு வந்தால் மறுபடியும் கடல் வேண்டும் என்று அழுகை.

உமா வாசலில் வந்து நிற்பாள். தோளில் துண்டு தயாராக இருக்கும்.

"அத்த, செத்த நேரம் புள்ளையளப் பாத்துக்கிறீகளா? இந்தா வந்துர்றோம்."

அவள் சொன்ன செத்த நேரத்தில் நெல்லை ஊறப்போட்டு அவித்துக் காயவைத்திருக்கலாம். நனைந்த ஜட்டிகளைப் பிழிந்து பால்கனியில் காயப்போட்டபடி உட்கார்ந்திருந்தேன். அதற்கு அந்தமான் எதற்கு? கொல்லையில் கொடி கட்டியிருக்கிறேனே.

கடைசி நாள் காலையில்தான் கண்ணாடிப் படகு. செல்வம், நான், தர்ஷினி மூன்று பேருக்கும் டிக்கெட். கவினை உமா கரையில் வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

படகுக்காரர் நம்ம பக்கத்து ஆள், தொண்டி ஊர்க்காரர்.

"வாங்கத்தா, இங்குட்டு ஒக்காருங்க. இங்கனதான் நல்லாத் தெரியும்" என்று கண்ணாடிக்கு நேரே இடம் கொடுத்தார். சேலைக்கு மேலே ஜாக்கெட் மாட்டிவிட்டார். மோட்டாரில் கை வைத்தார்...

"அப்பத்தாஆஆ!"

கரையில் கவின். மணலில் விழுந்து புரண்டு கத்துகிறான். உமா தூக்கினால் நழுவுகிறான், களிம்புதான்! படகில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள்.

"எறங்கும்மா. நீ அடுத்த ட்ரிப்ல போய்க்கலாம்" என்றான் செல்வம்.

இறங்கினேன். சேலை இடுப்புவரைக்கும் நனைந்தது. நான் கரையேறுமுன் உமா படகில் ஏறிவிட்டாள்.

"டிக்கெட் வீணாப் போயிரும்லத்த!"

அந்த வேகத்தை இன்றைக்கு வரைக்கும் நான் அடுப்படியில் பார்த்ததில்லை.

என் மடிக்கு வந்ததும் அழுகை சட்டென்று நின்றது. "அப்பத்தா, முறுக்கு" என்றான். தின்றான். முந்தானையை முறுக்கிப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். படகு சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவும் முடியாது, அவன் முழித்துக்கொள்வான்.

திரும்பி வந்து உமா சொன்னாள், "அய்யோ அத்த, என்னா கலரு! நீங்க பாக்காமப் போயிட்டீகளே!"

நானா பாக்காமப் போனேன்?

அடுத்த ட்ரிப்புக்கு ஜாக்கெட்டைக் கழற்றாமல் காத்திருந்தேன். காற்று எழும்பியது. சிவப்புக் கொடியை நட்டுவிட்டுப் படகையெல்லாம் மேலே இழுத்துவிட்டார்கள். "நாளைக்கு வாங்கத்தா" என்றார் தொண்டிக்காரர். விடிந்தால் எங்களுக்கு ஊர் திரும்பப் பிளேன்.

அந்தப் போட்டோவைப் பெரிசாக்கிப் பாருங்கள். படகுக்குப் பின்னால், கரையில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. அது நான்தான். மடியில் இருப்பது கவின்.

இப்போது அந்தப் பயலுக்கு மீசை அரும்புகிறது. லீவுக்கு வந்து பக்கத்து ரூமில்தான் இருக்கிறான். காதில் எதையோ மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் கேட்காது. சாப்பிடக் கூப்பிட நான் மெசேஜ் போடவேண்டியிருக்கிறது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். ஆள் வரமாட்டான்.

இன்று காலையில் செல்வம் போன் பண்ணினான். பாலித் தீவுக்குப் போகிறார்களாம். அங்கேயும் கண்ணாடிப் படகு உண்டாம்.

"இந்தத் தடவ நெசமாவே ஒனக்காகத்தாம்மா. புள்ளைக பெருசாயிருச்சு. ஒருத்தரும் ஒன்னையத் தொந்தரவு பண்ண மாட்டாக."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு என்னவோபோல் இருந்தது.

"கவின் வருவானா?"

"வருவான். ஆனா ரூமை விட்டு வெளிய வர்றது சந்தேகந்தான்."

"அவனைக் கரைக்குக் கூட்டியாந்து நிறுத்து" என்றேன். "நான் படகுல ஏறுனதும் 'அப்பத்தா'ன்னு ஒருக்காக் கத்தச் சொல்லு. இந்தத் தடவ நான் எறங்க மாட்டேன்."