மூன்றாவது பெயரோடு முடிகிற கல்

திருச்செங்கோடு போகும் சாலையில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே, போரில் இறந்த இந்த ஊர்ப் படைவீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம். துப்பாக்கி இல்லை, தொப்பி இல்லை. போர்வெல் லாரியின் இரும்புக் குழாய்கள் இரண்டை நட்டு, நடுவில் ஒரு கருங்கல் பலகையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அதில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயருக்குக் கீழே கல் சட்டென்று முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள இடைவெளியில் பின்னாலிருக்கும் மரவள்ளிக் காடு தெரிகிறது.

இழப்பின் வெறுமையைத்தான் இப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று நானாகவே பொருள் சொல்லிக்கொள்கிறேன். கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடமும் அதைச் சொல்கிறேன்.

"அதெல்லாம் இல்லீங்க. கல்லு தரை வரைக்கும் இருந்துச்சு. மூணாவது பேரு என்ற ஊட்டுக்காரருதுங்க. கீழ எதுக்கு இத்தன எடம்னு கல்லு செஞ்சவரக் கேட்டேன். இனிமே வர்ற பேருக்குன்னாரு. அறுத்துப் போடச் சொல்லீட்டனுங்க."

"ஊர்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"பட்டாளத்துக்குப் பையன அனுப்புன ஊட்டுக்காரங்க அத்தன பேரும் என்ற பக்கம் வந்து நின்னாங்க. என்ற பையனும் அங்கதானுங்க இருக்கான். நாளைக்கு லீவுக்கு வாரான்."

டயர் மாற்றியாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மூன்று பெயர்களையும் தொட்டுக் கும்பிடுகிறேன். மேலே முகம் தெரிகிற பளபளப்பு. அறுத்த விளிம்பு மட்டும் சொரசொரவென்று இருக்கிறது. அதையும் ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.