சைக்கிள் கடை மாடியில் ஒரு நர்சிங் கல்லூரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். எங்கே, எப்படிச் சேருவது என்று கேட்க ராஜபாளையத்தில் எங்களுக்கு யாருமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் 'மேற்படிப்பு ஆலோசனை' என்று தட்டி வைத்திருந்ததால் குடும்பத்தோடு போனோம்.

மே மாத வெயிலில் கோட்டு போட்டு வியர்த்து வழிந்த ஒருவர், எந்தப் பிள்ளை என்ன கேட்டாலும் மதுரையிலுள்ள ஒரே கல்லூரியைத்தான் சொன்னார். மதிப்பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை. கூட்டமோ அருள்வாக்கு கேட்பதுபோல் தலையாட்டியது.

என் மகள் எழுந்து, "சார், அதுக்கு அரசு அங்கீகாரம் இருக்கா?" என்றாள்.

"பாப்பா, அதெல்லாம் பெரியவங்க விஷயம்" என்று அவர் சிரித்தார். மண்டபமே சிரித்தது, என் கணவர் உட்பட.

"ஏட்டி, படிச்சவரு சொல்லுதாரு, உக்காரு. நாளைக்கே சேத்துருவோம்" என்றார் கணவர்.

"பாக்காம சேக்க விடமாட்டேன்" என்று சொல்லி, மறுநாள் மகளோடு மதுரைக்கு பஸ் ஏறினேன். கோட்டுக்காரர் கொடுத்த கல்லூரி விலாசத்தில் சைக்கிள் கடை இருந்தது. அதன் மாடியில் ஒரு அறை, சில பெஞ்சுகள், சுவரில் எலும்புக்கூட்டுப் படம். பயிற்சிக்கு ஆஸ்பத்திரி எங்கே என்று அங்கிருந்த வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"படத்தை வச்சே சொல்லிக் குடுத்துருவாங்கம்மா" என்றார்.

இந்த லட்சணத்துக்குத்தான் கோட்டு! அங்கிருந்து நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், பயிற்சியிலிருந்த பெண்களிடமே விசாரித்தோம். அவர்கள் சொன்னபடி விண்ணப்பித்து, மகள் முறையாகச் சேர்ந்து படித்து நர்ஸாகிவிட்டாள்.

சில வருடங்கள் கழித்து மகனுக்குக் கல்லூரி தேடினேன். எந்த ஆலோசனைக் கூட்டத்துக்கும் போகவில்லை. ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் நின்று, வெளியே வரும் பிள்ளைகளிடம் கேட்டேன். என் கணவர் குடை பிடித்தபடி பக்கத்தில் நின்றார்.

- ஜெயமணி, ராஜபாளையம்