சிஸ்டரைத் தூங்க வைத்த என் ஷெட்

தொண்ணூறுகளில் திருமுடிவாக்கத்தில் எனக்குச் சொந்தமாகத் தகடு அடிக்கும் ஒரு பவர் பிரஸ், இரும்பு கடையும் ஒரு லேத். அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன் போட்ட ஷெட் அது.

ஒரு நாள் காலை பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ். பகலில்தான் தூக்கம்.

"அண்ணா, நேத்து வார்டுல நின்னபடியே தூங்கிட்டேன். இன்னொரு வாட்டி பார்த்தா வேலை இல்லன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. மிஷினை நிறுத்துங்க. இல்லன்னா கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்துடுவேன்."

பிரஸ் ஆபரேட்டர் ஏழுமலை உள்ளேயிருந்து கத்தினான்: "காதுல பஞ்சு வெச்சிக்க சொல்லுண்ணா!"

"வெச்சாச்சு தம்பி. உங்க டம் டம் தரை வழியா வருது."

வேறொருவன் என்றால் சண்டைக்குப் போயிருப்பான். நான் பிரஸ்ஸையும் லேத்தையும் ஓட்டச் சொல்லிவிட்டு, நேராக அவர் வீட்டுக் கூடத்தில் போய்ப் பாயில் படுத்தேன். அவர் புருஷன், "இன்னாண்ணா, எங்க வூட்ல வந்து தூங்கறே!" என்று சிரித்தார்.

படுத்ததும் விளங்கிவிட்டது. லேத் மோட்டார் ஒரே சீராக உறுமியது. கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிட்டது. பிரஸ் அப்படியில்லை. ஏழுமலை தகடு வைக்க வைக்க, ஒரு டம். பிறகு டம் டம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் உடம்பு அடுத்த அடிக்குக் காத்துக் கிடந்தது.

பிரஸ்ஸை ஷெட்டின் மறுகோடிக்கு மாற்றி, அடியில் பழைய கன்வேயர் பெல்ட்டை அடுக்கினேன். சிஸ்டர் வீட்டுப் பக்கச் சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் பேன் மாட்டி, நாள் முழுக்க ஓடவிட்டேன். "சத்தம் பத்தலன்னு இன்னொரு சத்தமா?" என்று ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான். மிச்சமிருந்த டம் டம்மை அந்தப் பேன் விழுங்கிவிட்டது. சிஸ்டர் முகம் தெளிந்தது. வேலையும் நிலைத்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுப் பொரி பங்கிட்டுக்கொண்டிருந்தோம். மறுபடியும் வாசலில் சிஸ்டர். கண்ணெல்லாம் சிவப்பு.

"அண்ணா, சைக்கிள் பெல் அடிச்சாகூட முழிப்பு வந்துடுது. இன்னிக்கும் டூட்டி இருக்கு. அந்தப் பேனை மட்டும்..."

"பூஜை போட்டதத் தொடக்கூடாதுண்ணா!" ஏழுமலை குறுக்கே வந்தான்.

"லேத்துக்கு லீவுடா. பேனுக்கு சிஸ்டரைத் தூங்க வைக்கிறதுதான் வேலை. ஆஸ்பத்திரிக்கு ஏதுடா லீவு?"

மெயினைத் தூக்கினேன். சிஸ்டர் பொரிப் பொட்டலத்தோடு கொட்டாவி விட்டபடி வீட்டுக்குப் போனார்.

புதிதாக ஷெட் போடும் தம்பிகளே, உங்கள் மிஷின் சத்தத்தைப் பக்கத்து வீட்டுப் பாயில் படுத்துக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட பிறகு என் ஷெட் மேல் வந்த ஒரே கம்ப்ளெயின்ட், பேனை நிறுத்திவிட்டேன் என்பதுதான்.