வேம்பென்று நான் சொன்ன மரம்

இந்த நகரத்தில் மரங்களுக்கும் இலக்கம் உண்டு. மாநகரசபை நட்டவை எல்லாம் எங்கோ பதிவில் இருக்கின்றன. வந்த புதிதில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது எங்களில் பலரிடம் கார்த் என்கிற பிரெஞ்சு வதிவிட அட்டை இல்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரயில் பாதையோரக் கம்பிவேலிக்குள் நின்ற மரத்துக்கு இலக்கம் இல்லை. யாரும் நடாமல் முளைத்தது. அதற்குப் பெயர் சொன்னவன் நான். இருவருக்கு இரண்டு பெயர் சொன்னேன்.

ஊரில் நான் தாவரவியல் ஆசிரியன். இங்கே ஓய்வு பெறும்வரை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். 2009 வைகாசியில் போர் முடிந்த பிறகு ஒரு மாலை, பாக்கியம் என்னை அந்த வேலியருகே மறித்தாள். புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து தினமும் ரயிலில் வந்து அலுவலகங்கள் துப்புரவு செய்பவள். வன்னியில் நின்ற ஒரே மகனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. கையில் காசு முடிந்த மஞ்சள் துணி வைத்திருந்தாள்.

“மாஸ்டர், இது வேம்புதானே?”

இலையைக் கசக்கி மணந்தேன். பழுதான கச்சான் கடலை மணம். வேப்பிலைக்கு விளிம்பு முழுவதும் பல் இருக்கும். இதற்கு அடியில் மட்டும் ஓரிரண்டு. வேம்பில்லை என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

“ஓம் பிள்ளை. இஞ்சத்தை வேம்பு.”

வேலிக்கு வெளியே நீண்டிருந்த கொப்பில் துணியைக் கட்டினாள். மகன் வந்தால்தான் அவிழ்ப்பது; அதுவரை முடிச்சில் கை வைக்கக்கூடாது. அதுதான் நேர்த்தி. ஐப்பசியில் மரம் முழுவதும் இலை கொட்டியது.

“என்ன மாஸ்டர், உங்கடை வேம்பு மொட்டையாய்ப் போச்சு?”

“குளிர் நாடெல்லோ. என்ரை தலையைப் பாருமன்.”

அவள் சிரித்தாள். வைகாசிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தப் பொய்யை அதன்பின் நான் தொடவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை, தெருக்களில் தானாக முளைத்த மரங்களை இனம்காணும் குழுவொன்றில் மகள் என்னைச் சேர்த்துவிட்டாள். வீட்டில் சும்மா இருக்கிறேனாம். வழிநடத்திய மத்தில்த் அந்த வேலியருகே நின்று, “இது என்ன மரம், யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டாள். இந்த நாட்டுக்காரர் யாரும் எனக்குத் தெரிந்ததை அதுவரை என்னிடம் கேட்டதில்லை. கீழே கிடந்த சிற்றிலையை எடுத்து, அடிப்பல்லில் இருந்த சுரப்பியைக் காட்டி, லத்தீன் பெயரைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

“அய்லாந்த்! சரியாகச் சொன்னீர்கள். வெளியிலிருந்து வந்தது, மற்றவற்றை வளரவிடாது. அகற்றச் சொல்லி எழுதவேண்டும்.” பிறகு துணியைக் கண்டாள். “இது பறவைகளுக்காக யாரோ கட்டியதா?”

“இருக்கலாம்” என்றேன்.

பொய்யை விட அந்த ஒரு சொல்தான் இன்றும் என்னை அரிக்கிறது.

அடுத்த நாள் அதே வேலியருகே பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரைக் கும்பிட்டனான், மாஸ்டர்?”

முடிச்சைத் தொடாமல் கொப்பை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“வெட்டேக்கை முடிச்சு அவிழக்கூடாது. உங்களுக்குத்தானே அவையின்ரை பாசை தெரியும். அதையாவது கேளுங்கோ.”

மார்கழியில் வெட்டினார்கள். துணிக்கு இருபுறமும் கொப்பை அறுத்துத் தரும்படி தொழிலாளி ஒருவரிடம் கேட்டேன். “நினைவுப் பொருளா, மிஸ்யூ?” என்று சிரித்தபடி முழங்கையளவு துண்டைத் தந்தார். பாக்கியம் அதை இரு கைகளாலும் வாங்கினாள். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அய்லாந்தை வெட்டினால் வேர் பல இடத்தில் முளைக்கும் என்று படித்திருக்கிறேன். வேலிக்குள் முளைத்தவற்றைக் கோடையில் பிடுங்கிவிட்டார்கள். வெளியே, நடைபாதை வெடிப்பில் ஒன்று தப்பியது. பாக்கியம் வேலைக்குப் போகும் வழியில் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறாள். என்ன மரம் என்று இப்போது கேட்பதில்லை.

இந்த ஆண்டும் குழு வந்தது. அந்த இடம் நெருங்கியதும் நான் முந்திப்போய், நீளக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் கன்றுக்கு முன்னால் நின்றேன்.

“இந்தப் பக்கம் ஏதாவது உண்டா, மிஸ்யூ?” என்று மத்தில்த் கேட்டாள்.

“ஒன்றுமில்லை” என்றேன். அவர்கள் கடந்து போகும்வரை, ஈரமான இலைகள் என் முழங்காலின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன.