வரப்பில் பறித்த கீழாநெல்லி

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். கோடை விடுமுறையில் என் எட்டு வயது மகள் யாழினிக்கு மூலிகைகளைப் பழக்கலாம் என்று, ஒவ்வொரு செடியாகத் தொட்டியில் நட்டுக்கொண்டிருந்தோம். அன்று கீழாநெல்லியின் முறை. எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் பொதுவான வரப்பில் அவளே தேடிப் பிடுங்கினாள். "மென்னு பாரு, அந்தக் கசப்பு மறக்கவே மறக்காது" என்று சொன்னது நான்தான். அவளும் மென்று விழுங்கிவிட்டாள்.

பக்கத்து வயல்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். "காலையிலதான் வரப்புக்குக் களைக்கொல்லி அடிச்சேங்க! துப்பச் சொல்லுங்க!"

காலையில்தான் அடித்ததால் இலை இன்னும் வாடவே இல்லையே! வாயைக் கழுவிவிட்டு, களைக்கொல்லி டப்பாவையும் எடுத்துக்கொண்டு, அவர் பைக்கிலேயே திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். "தூங்காதடி, கண்ணத் திறடி" என்று வழியெல்லாம் அவள் கன்னத்தைத் தட்டினேன். பெற்ற பிள்ளையை என் வாயாலேயே விஷத்தைத் தின்னச் சொல்லிவிட்டேனே!

உள்ளே போனது கொஞ்சம்தான் என்பதால் பிழைத்தாள்.

இப்போது வரப்புச் செடி எதையும் நாங்கள் தொடுவதில்லை. விதை போட்டு வீட்டிலேயே வளர்ப்பதோடு சரி. நேற்று தொட்டியிலிருந்து ஒரு துளசி இலையைக் கிள்ளி நீட்டினேன். யாழினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மொதல்ல நீ மென்னு பாரும்மா."