காய்ச்சாத பூண்டுச் சாறு

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். தங்கியது மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் மாடி அறையில். நெற்பயிரைக் கருக்கும் குலைநோய்ப் பூஞ்சையைச் செடிகளின் சாற்றால் அடக்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு. வேம்பு, துளசி, நொச்சி என்று பலதையும் பார்த்துவிட்டு, கடைசியில் பூண்டின் மேல் நம்பிக்கை வைத்திருந்தேன்.

எங்கள் பேராசிரியருக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. "நீ ஆராய்ச்சி பண்ண வந்தியா, ரசம் வைக்க வந்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அவர் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. எதுவானாலும் ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவிப் பாத்திரத்தில் அவித்துக் கிருமி நீக்கிய பிறகுதான் பூஞ்சை வளர்க்கும் தட்டில் சேர்க்க வேண்டும். பூண்டுச் சாற்றையும் அப்படியே அவித்தோம். பூஞ்சை ஜம்மென்று வளர்ந்தது. "பார்த்தியா?" என்றார். என் ஆய்வை மதிப்பிடும் குழுவின் அடுத்த கூட்டத்தில் என் தலைப்பை எடுத்துவிட்டுத் தாமிர மருந்தைப் பற்றிய வேறொன்றைத் தரப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைப் பூண்டைக் கடித்தால் நாக்கு எரிகிறது. வேகவைத்தால் அந்தக் காரம் எங்கே போகிறது? நாமே அவித்துக் கொன்றுவிட்டு, பூண்டுக்கு வீரியமில்லை என்றால் எப்படி? சூடாக்காமலே கிருமி நீக்கும் வடிகட்டி ஒன்று அலமாரியில் பூட்டிக் கிடந்தது. கேட்டேன். "அது பெரிய வேலைக்கு" என்றார். சரிதான், இனி மொட்டை மாடிதான் என் ஆய்வகம் என்று முடிவுகட்டினேன்.

பழைய டின்களில் நாற்று வளர்த்தேன். பாதிக்குப் பச்சைப் பூண்டுச் சாற்றைத் தெளித்தேன். பிறகு எல்லாவற்றின் மேலும் பூஞ்சை வித்துகள் கலந்த தண்ணீரை அடித்து, ஈரச் சாக்கால் மூடினேன். ஈரமும் குளிரும் இருந்தால்தான் இந்த நோய் பிடிக்கும்; மார்கழிப் பனியும் ஒத்துழைத்தது. சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் பூண்டு நுழையவே கூடாது. அந்த நிபந்தனையின் பேரில்தான் எனக்கு அறையே கிடைத்திருந்தது.

வாசனை கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டுக்கார மாமி மடமடவென்று படியேறி வந்தார்.

"என்னடி இது, ஆத்துல பூரா பூண்டு நாத்தம்! அன்னிக்கே சொன்னேனோல்லியோ?"

"சாப்பிட இல்லை மாமி, நெல்லுக்கு மருந்து. இதை விட்டா என் ஆராய்ச்சியே போயிடும்."

சாக்கைத் தூக்கிக் காட்டி, பேராசிரியரின் ரசக் கேலி உட்பட அத்தனையையும் கொட்டினேன். மாமியின் முகம் சிவந்தது.

"ரசம் வைக்கறதுன்னா அவருக்கு அவ்ளோ எளப்பமா? மருந்துக்குன்னா தோஷமில்லை. பிள்ளை பெத்தவாளுக்கு நாங்களும் குடுக்கறதுதான். நீ அரைச்சுக்கோ. ஆனா எங்காத்து அம்மியைத் தொடப்படாது!"

குழு கூடிய அன்று இரண்டு டின்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "இன்னாம்மா, வயலையே தூக்கிக்கினு வந்துக்கீறே? நெல்லுக்கும் டிக்கெட் எடுப்பியா?" என்றார் கண்டக்டர். பூண்டு மணத்துக்குப் பயந்து மற்றவர்கள் விலகியதில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

நேராகப் போய் டின்களைக் குழுவின் மேஜைமேல் வைத்தேன். சாறு படாத நாற்றுகளில் கண் வடிவப் புள்ளிகள் விழுந்து இலை கருகிக் கிடந்தது. சாறு தெளித்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. பேராசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் செய்யாதது செல்லாது என்றார்.

"அப்படின்னா வடிகட்டியைக் குடுங்க சார். உங்க கண் முன்னாலயே செய்யறேன்" என்றேன்.

வெளியிலிருந்து வந்திருந்த குழு உறுப்பினர் ஒருவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குடுத்துத்தான் பாருங்களேன்" என்றார். அலமாரி திறந்தது. அவிக்காத சாறு சேர்ந்த தட்டில் பூஞ்சை தலையெடுக்கவே இல்லை. தலைப்பு என்னிடமே தங்கியது. பேராசிரியர் கடைசிவரை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. நான் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

பின்னாளில் வயலில் தெளித்தபோது மழையும் வெயிலும் சாற்றின் வீரியத்தைக் குறைத்தது உண்மை. அதையும் நானேதான் ஆய்வில் எழுதினேன். ஆனால் "இது நடக்காது" என்று யாராவது அடித்துச் சொன்னால் இன்றைக்கும் நான் தலையாட்டுவதில்லை, "அவித்துவிட்டா சோதித்துப் பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.